சட்டியில் மிஞ்சிய மக்ரோனி

"இந்த மக்ரோனிக்கு நடுவுல ஓட்டையை யாரு போடறா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சந்திரிகா அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. தொண்ணூற்று நாலாம் வருஷம், மராத்திச் சீமையில் போசரி என்ற ஊரில் ஒரு சின்ன பாஸ்தா கம்பெனி. நான் அங்கே ஏற்கெனவே பாக்கிங்கில் இருந்தேன். தினமும் மூட்டை மூட்டையாக மக்ரோனியைப் பையில் போட்டு ஒட்டுகிறவள் நான். ஓட்டை எப்படி வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மிஷின் போடுகிறது என்றேன். "மிஷின் போடும், சரி. எப்படிப் போடும்?" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வந்த இடத்தில் வேலையைப் பார்க்காமல் ஓட்டையைப் பார்க்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்குக் கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி, போசரிக்குப் பக்கத்திலிருக்கும் கட்கிக்கு வந்தவள். அவள் வீட்டுக்காரர் அருணாச்சலம் அண்ணன் ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் ஃபிட்டர். ஒரே பையன் சூர்யா. பையன் ஸ்கூலுக்குத் தனியாகப் போய்வரத் தொடங்கியதும், வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியவில்லை என்று வேலைக்கு வந்துவிட்டாள். எங்கள் வீடும் கட்கிதான், சர்ச்சுக்குப் பின்னால். இருவரும் ஒரே பஸ்ஸில் தாபோடி, நாசிக் பாட்டா என்று நின்று நின்று போசரி போவோம். அந்த பஸ்ஸில் அக்கா கேட்ட கேள்விகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்தால் நான் இன்றைக்கு வாத்தியார் ஆகியிருப்பேன்.

ஓட்டைக்குப் பதில் சொன்னது வைஷாலி. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த மராத்திப் பெண், எங்கள் லேப் அவள் பொறுப்பில். அக்கா இரண்டு நாள் விடாமல் கேட்டதில், மிஷினைக் கழுவ நிறுத்திய நேரம் பார்த்து அச்சைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினாள். கனமான வெண்கல வட்டு, அதில் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் நடுவில் ஓர் ஊசி மூன்று கால்களில் நின்றது. மாவு அந்த மூன்று கால்களுக்கு இடையே மூன்றாகப் பிரிந்து இறங்குகிறது, கீழே வரும்போது நெருக்கத்தில் மறுபடியும் ஒட்டிக்கொள்கிறது. ஊசி நின்ற இடம் ஓட்டையாகிவிடுகிறது.

"அப்ப ஓட்டையை யாரும் போடலை. ஓட்டையைச் சுத்தி மாவைப் போடறாங்க" என்றாள் அக்கா.

வைஷாலிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரு கட்சி. மக்ரோனி ஏன் வளைகிறது என்று அடுத்த வாரம் அக்கா கேட்டாள். ஊசியில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் செதுக்கியிருப்பார்கள், அந்தப் பக்கம் மாவு வேகமாக இறங்கும், மெதுவாக இறங்குகிற பக்கம் பார்த்துக் குழாய் வளைந்துவிடும் என்றாள் வைஷாலி. அன்று ராத்திரியே அக்கா வீட்டு முறுக்கு அச்சில் ஆணி அடிக்கப் பார்த்தாள் என்றும், அண்ணன் அச்சைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார் என்றும் மறுநாள் பஸ்ஸில் கேள்விப்பட்டேன்.

ஆனாலும் மாவைச் செய்து பார்க்காமல் விடவில்லை. ரவையை வாங்கி, நம் வழக்கப்படி கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கிளறி, உருண்டை பிடித்து, ஆவியில் வேகவைத்து, அதைச் சேவை நாழியில் போட்டுப் பிழிந்தாள். நூல் நூலாக அழகாகத்தான் வந்தது. வெயிலில் காயவைத்து, மறுநாள் கொதிநீரில் போட்டால் பாதி கஞ்சியாகக் கரைந்துபோயிற்று. டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து வைஷாலியிடம் நீட்டினாள். வைஷாலி சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விளக்கினாள்: இடியாப்பத்துக்கு மாவை முதலில் வேகவைக்க வேண்டும், ஏனென்றால் அரிசியில் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிற பிசின் கிடையாது. கெட்டிக் கோதுமையில் அது உண்டு. பச்சைத் தண்ணீரைத் தெளித்து, உதிரி உதிரியாகவே விட்டு, பெரும் அழுத்தத்தில் தள்ளினால் அந்தப் பிசின் வலை போலப் பின்னிக்கொள்ளும், மாவுச்சத்து அதற்குள் சிக்கி நிற்கும். முதலிலேயே வேகவைத்தால் வலை பின்னவே பின்னாது. பாஸ்தா என்ற வார்த்தைக்கே இத்தாலிக்காரர்கள் பாஷையில் பிசைந்த மாவு என்றுதான் அர்த்தமாம். இவ்வளவு பேர் வைத்துவிட்டுக் கடைசியில் மாவு!

அந்தக் கோதுமை எங்கள் கம்பெனிக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து ரவையாக வந்து இறங்கும். மஞ்சளாக, மணல் மாதிரி இருக்கும். மைதாவில் செய்கிற மலிவு மக்ரோனி வெள்ளையாக இருக்கும், கொதித்ததும் குழைந்துவிடும்.

சரித்திரத்தையும் அக்கா விடவில்லை. பாஸ்தாவைச் சீனாவிலிருந்து ஒரு வெனிஸ் வியாபாரி கொண்டுவந்தார் என்று எங்கள் முதலாளி சேட் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். வைஷாலி புத்தகத்தைப் பார்த்து அது வெறும் கதை என்றாள். அந்த வியாபாரி ஊர் திரும்புவதற்கு முன்னாலேயே இத்தாலியில் ஜெனோவா பட்டணத்தில் ஒருத்தர் விட்டுப்போன சொத்தில் ஒரு கூடை மக்ரோனியும் இருந்ததாம். அதற்கும் முன்னால் சிசிலித் தீவில் அரபுக்காரர்கள் காலத்தில் நூல் நூலாக மாவைக் காயவைத்துக் கப்பலில் அனுப்பினார்கள், அதற்கு இத்ரியா என்று பெயர்.

"இத்ரியா!" என்று அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "அது நம்ம இடியாப்பம்டி!"

"அக்கா, சும்மா இருங்க. யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"இத்ரியா, இடியா. நீயே சொல்லிப் பாரு."

வைஷாலியும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றாள். அக்கா ஒரு வாரம் பஸ்ஸில் இத்ரியா இடியா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், அவள் வராத நாளில் அந்தப் பஸ் பயணம் எனக்கு முடியவே முடியாது.

கொஞ்ச நாளில் சேட் அக்காவை லேபுக்கு மாற்றிவிட்டார். வேலை இதுதான். மிஷினிலிருந்து வந்து காய்ந்த சரக்கில் ஒரு பிடி எடுத்துக் கொதிநீரில் போட வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒரு துண்டை எடுத்து இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். வேகாத மக்ரோனியின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். கோடு மெலிந்து, மறையப்போகிற கணம்தான் பதம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நமக்குப் பழக்கமான வேலைதான். ஆனால் நம் ஊரில் சோற்றின் நடுவில் வேகாத விதை இருந்தால் சமைத்தவளைத் திட்டுவோம். இத்தாலிக்காரன் அந்த விதை கொஞ்சம் இருந்தால்தான் ருசி என்கிறான். பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு வேண்டுமாம். அக்கா முதலில் முகம் சுளித்தாள், பிறகு அவளுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. அந்தக் கண்ணாடிச் சில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது அவளைக் கூப்பிட்டாலும் காதில் விழாது. சம்பளத்துக்காகப் பார்க்கிற வேலை மாதிரியே இருக்காது.

இப்படியே வருஷங்கள் போயின. இரண்டாயிரத்து இரண்டில் அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. அதோடு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் ரொம்ப முற்றியிருந்தது. கண் டாக்டர் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். ஆனால் சர்க்கரை இவ்வளவு இருக்கும்போது கத்தி வைக்கமாட்டேன், முதலில் இறக்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

லேபில் அக்காவுக்கு வெள்ளைக் கோடு தெரியாமல் போக ஆரம்பித்தது. சில்லைத் தூக்கிப் பிடிப்பாள், கண்ணைச் சுருக்குவாள், பிறகு யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்துப் பதம் சொல்லிவிடுவாள். பல் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு? ஒரு நாள் பஸ்ஸின் நம்பரை என்னிடம் கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

"எஸ்தரு, இந்தக் கண்ணு போச்சுன்னா என்னை வீட்டுல உக்கார வெச்சிருவாங்கடி. வேற எதுக்கும் பயமில்லை. திரும்பச் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணுமேன்னுதான்" என்றாள்.

சர்க்கரை டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். தஞ்சாவூர்க்காரியிடம் சோற்றைக் குறை என்பதும் மூச்சைக் குறை என்பதும் ஒன்றுதான். வைஷாலிதான் வழி சொன்னாள். கெட்டிக் கோதுமை பாஸ்தாவில் மாவுச்சத்து அந்த வலைக்குள் சிக்கியிருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும், சோற்றைப் போலச் சட்டென்று சர்க்கரையை ஏற்றாது. ஆனால் குழைய வேகவைத்தால் வலை தளர்ந்துவிடும். பதத்தில் இறக்கு, காய் நிறையப் போடு, கொஞ்சம் பயறோ பன்னீரோ சேர், அளவாகச் சாப்பிடு. அக்கா போய் டாக்டரைக் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "டீக் ஹை. ஏக் வாட்டி" என்றார். சரி, ஒரு வாட்டி என்று அர்த்தம். மராத்தியில் வாட்டி என்றால் சின்னக் கிண்ணம். மதியம் ஒரு கிண்ணம், ராத்திரி இரண்டு சப்பாத்தி.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் மதியம் மக்ரோனி. கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பீன்ஸ், கேரட், தக்காளியோடு. அருணாச்சலம் அண்ணன் முதல் வாய் வைத்ததும், "ஏம்மா, இது வேகலையே" என்றாராம். "வேகக் கூடாதுங்க, அதுதான் கணக்கு" என்று அக்கா சொல்ல, அவர் பெருமாளே என்று மென்று விழுங்கினாராம். கம்பெனி நாட்களில் அக்கா டப்பாவில் கொண்டுவருவது என் கண் முன்னாலேயே ஒரு கிண்ணம்தான். அதற்கு மேல் ஒரு துண்டு தொடமாட்டாள்.

சர்க்கரை இறங்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தார்கள், அப்படியே இருந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். கொஞ்சம் இறங்குவது போல் காட்டி மறுபடி ஏறியது. கண் டாக்டர் மறுபடியும் திருப்பி அனுப்பினார். அக்காவுக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. அதே ரவை, அதே பதம், அதே கிண்ணம், பிறகு ஏன்? ஓட்டையைத் துருவிய மாதிரி இதையும் துருவினாள். தண்ணீரை மாற்றிப் பார்த்தாள். ஆறவைத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். ரத்தம் எடுக்கிற லேபை மாற்றினாள். கடைசியில் சேட் ரவையில் மைதாவைக் கலக்கிறார் என்று சந்தேகப்பட்டு அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். அவர் சாமி படத்தின் மேல் சத்தியம் செய்தார். வைஷாலி ஒரு மூட்டையைப் பிரித்து ரவையை அவள் கையில் கொட்டிக் காட்டவேண்டியதாயிற்று. நான் அன்றைக்கு பாக்கிங் மேஜைக்குக் கீழே ஒளிந்துகொள்ளாததுதான் பாக்கி.

போசரியில் எங்களுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை, அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை. அதனால் அவர்கள் வீட்டில் எல்லோரும் இருக்கும் நாளில் நான் போனதே இல்லை. அடுத்த வருஷம், பிள்ளையாரைக் கரைக்கிற கணபதி விசர்ஜன் அன்று ஊருக்கே விடுமுறை. சாப்பிட வா என்று அக்கா கூப்பிட்டாள். போனேன்.

அண்ணனும் சூர்யாவும் நானும் உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். நீங்களும் உட்காருங்கள் என்றால், "நான் அப்புறம்" என்றாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான். சூர்யா போன் வந்ததும் பாதித் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். அண்ணன் கை கழுவிவிட்டு ஊர்வலத்தின் டோல் மேளச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போய்விட்டார். அதன்பின் அக்கா கிண்ணத்தை எடுத்து, விளிம்போடு அளந்து ஒரு கிண்ணம் மக்ரோனி போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு துண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கே பாவமாக இருந்தது. பிறகு எழுந்து உள்ளே போனாள்.

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அக்கா மேடையோரம் நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் சட்டி, வலது கையில் கரண்டி. சட்டியின் அடியில் மிஞ்சியிருந்த மக்ரோனியை வழித்து வாயில் போட்டாள். இன்னொரு வாய். இன்னொன்று. பிறகு சூர்யாவின் தட்டை இழுத்து அதில் இருந்ததையும் சட்டியில் தள்ளினாள். ஓரமாகக் காலையில் வைத்த சோறு ஒரு கை இருந்தது, அதில் மோரை ஊற்றினாள்.

"அக்கா, என்ன சாப்பிடறீங்க?"

"நான் எங்கடி சாப்பிடறேன்? உன் எதிர்லதானே சாப்பிட்டேன். இது பாத்திரத்தைக் காலி பண்ணி ஒழிக்கிறேன்."

"வாயில போட்டு ஒழிக்கிறீங்களா?"

"பின்ன, கொட்டவா சொல்றே? வேலைக்காரம்மா வந்து தேய்க்கணும், ஒழிச்சுப் போட வேணாமா?"

 ஏமாற்றுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவள் மனசாரச் சொன்னாள். தட்டில் போட்டு உட்கார்ந்து தின்றால்தான் அவளுக்கு அது சாப்பாடு. நின்றுகொண்டு சட்டியிலிருந்து தின்றால் அது வேலை. டாக்டர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டபோது அவள் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டதைச் சொன்னாள், ஒழித்ததை ஏன் சொல்லப்போகிறாள்? அவர் பாத்திரம் யார் ஒழிப்பது என்றா கேட்டார்?

எனக்கு வந்த கோபத்தில் சட்டியைப் பிடுங்கிவிட்டேன்.

"அக்கா, டாக்டர் சொன்னது மராத்தி வாட்டி. நீங்க சாப்பிடறது தமிழ் வாட்டி. ஒரு வாட்டி, ரெண்டு வாட்டி, பத்து வாட்டி! இதெல்லாம் எந்தக் கணக்குல சேரும்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது. சட்டியைப் பார்த்தாள், சூர்யாவின் தட்டைப் பார்த்தாள். கண்ணாடிச் சில்லைப் பார்க்கும்போது வரும் அந்த முகம் வந்தது.

"தினமுமாடி?" என்று என்னைக் கேட்டாள்.

"என்னைக் கேட்டா?"

"தினமும்தான்" என்று அவளே சொன்னாள். "டப்பா கட்டினப்புறம் காலைல. அவங்க சாப்பிட்டு எழுந்தப்புறம் ராத்திரி. யாருக்கும் போதலைன்னு வரக் கூடாதுன்னு எப்பவும் ஒரு பிடி கூடப் போடுவேன். அந்த ஒரு பிடி எங்க போகுதுன்னு நான் யோசிச்சதே இல்லை." சூர்யாவின் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சேட் மேல போய்ச் சந்தேகப்பட்டேனேடி" என்றாள்.

அண்ணன் வாசலிலிருந்து வந்து என்ன சத்தம் என்றார். நான் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. பக்குவமாகவும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், அக்கா எப்போது சாப்பிடுகிறார், என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு நாள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். மூத்தவரிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் பேசினேன். அவர் நல்ல மனுஷர். கோபித்துக்கொள்ளவில்லை. சமையலறை வாசலில் நின்று சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சமையலறைக்குள் அவர் தண்ணீர் குடிக்க வந்திருப்பார், ஒழிக்கிற நேரத்தில் வந்ததில்லை.

"கொட்டிருவோம்" என்றார்.

"ஐயோ, சாப்பாட்டையா?" என்று அக்கா பதறினாள்.

அவர் என் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, மிச்சத்தை முழுக்கச் சாப்பிட்டார். "இனிமே நீ எங்களோட உக்காரு. பாத்திரத்தை நான் ஒழிக்கிறேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். அக்காவுக்குத்தான் பழகவில்லை. எல்லோரோடும் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவாள், அவர் தோளைப் பிடித்து உட்காரவைப்பார். எடுத்து வையுங்கள், யாராவது வந்தால் தரலாம் என்பாள். யார் வரப்போகிறார்கள் என்று அவர் வழித்துச் சாப்பிட்டுவிடுவார். சூர்யாவும் தட்டில் மிச்சம் வைப்பதை நிறுத்தினான். பஸ்ஸில் அக்கா இதையெல்லாம் ஏதோ புது ஊருக்குப் போய்வந்தவள் மாதிரி சொல்லுவாள். சுடச்சுட மக்ரோனி எப்படி இருக்கும் தெரியுமாடி என்று என்னிடமே கேட்டாள். இத்தனை வருஷமாக லேபில் சூடாகக் கடித்துப் பார்த்தவள்தான். வீட்டில் ஒரு நாளும் சூடாகச் சாப்பிட்டதில்லையாம். அதைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சர்க்கரை மெல்ல இறங்கியது. ஜனவரியில் கண் டாக்டர் தேதி கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரிக்கும்போது நானும் இருந்தேன். டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டு மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொன்னார். அக்கா திறந்தாள். முதலில் சுவரிலிருந்த காலண்டரில் தேதியைச் சத்தமாகப் படித்தாள். பிறகு என் புடவையில் பூ எத்தனை சின்னது என்றாள். பிறகு கட்டில் ஓரத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள், மறுபடியும் மேலே.

"என்னங்க இது? இப்படிப் பெருத்துட்டீங்க!"

கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்ததில் நாங்கள் கவனிக்கவில்லை. அவர் சட்டையின் வயிற்றுப் பித்தான் நிஜமாகவே இழுத்துக்கொண்டு நின்றது.

அண்ணன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ காலமெல்லாம் சாப்பிட்டதை நான் நாலு மாசம் சாப்பிட்டேன்மா" என்றார். "என்னால தாங்கலை."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் அது அழுகையாகிவிட்டது. புதுக் கண்ணில் தண்ணீர் வரக் கூடாது, ரடூ நகா, அழாதீங்க என்று நர்ஸ் மராத்தியில் அதட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அக்கா தலையை ஆட்டினாள், நிறுத்த முடியவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளையிலேர்ந்து அந்தக் கூடுதல் ஒரு பிடியைப் போடமாட்டேங்க" என்றாள்.